21 நாள் கெடுவும் இரண்டரைப் பவுன் சங்கிலியும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். சேர்ந்து 4 வருடம் 3 மாதம் ஆகிறது. மனைவி சூளகிரி பக்கம் தனியார் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் இருவர், 7 வயது, 4 வயது. இரண்டு வருடமாக அஞ்செட்டி மலைப்பக்கத்து ஜனங்கள் நடுவே ஊழியம் செய்ய வேண்டும் என்று எனக்குப் பாரம் உண்டு. போன மாதம் கிருஷ்ணகிரியில் ஓர் உபவாசக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே வந்த தேவ ஊழியர் என் தலையில் கைவைத்து, "படகை விட்டு இறங்கு. 21 நாளுக்குள் வேலையை விடு. தாமதித்தால் அழைப்பு வேறொருவனுக்குப் போய்விடும்" என்றார். அன்றே என் தீபாவளி போனஸை அந்த ஊழியத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணினேன். அடையாளமும் கேட்டேன்: சூப்பர்வைசர் லீவு தர மறுத்தால் வேலையை விடுவது கர்த்தருடைய சித்தம் என்று. அவர் மறுத்துவிட்டார். மனைவி பயந்து அழுகிறாள். அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் சபை பாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் வரவு செலவு கணக்குப் பார்ப்பது அவிசுவாசமா?

இன்னொரு ஜெபக்குறிப்பு: பாலக்கோட்டில் இருக்கும் என் அக்கா 4 வருடமாக என்னிடம் பேசுவதில்லை. வீடு கட்டும்போது அவருடைய இரண்டரைப் பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்தேன். திருப்ப முடியாமல் மூழ்கிப் போய்விட்டது. அவர் மனம் மாற ஜெபியுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் பெரிதாக எழுதிய விஷயத்தைப் பிறகு பார்ப்போம். கடைசியில் போகிற போக்கில் எழுதிய நான்கு வரியிலிருந்து தொடங்குகிறேன். அக்காவின் சங்கிலியை ஜெபக்குறிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது கடன். மனம் மாற வேண்டியவர் அக்காதானா என்று அந்த வரிகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

துணிகரமான கீழ்ப்படிதல் என்றதும் எல்லாரும் கிதியோனையும் 300 பேரையும் சொல்வார்கள். 32,000 பேரில் 22,000 பேர் பயந்து திரும்பியதும், மீந்த 10,000 பேர் 300 ஆகக் குறைந்ததும் நியாயாதிபதிகள் 7-ம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை. மீதியானியர் கையிலிருந்து இஸ்ரவேலை மீட்கும் அழைப்பு கிதியோனுக்கு வந்ததும், அவன் முதலில் செய்ய வேண்டியிருந்தது போர் அல்ல. உன் தகப்பனுக்கு இருக்கிற பாகாலின் பலிபீடத்தைத் தகர்த்துப்போடு என்பதே அன்றிரவு வந்த கட்டளை. முதல் வேலை சொந்த வீட்டில், சொந்த ஊரில், தெரிந்த முகங்களுக்கு முன்னால். அவனும் பயந்தான். பகலில் செய்யத் துணியாமல், வேலைக்காரர் 10 பேரைக் கூட்டிக்கொண்டு இரவில் போய்ச் செய்தான். இரவில் செய்தாய், பயந்து செய்தாய் என்று கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டதாக ஒரு வரியும் இல்லை. உங்களுக்கும் இது தெம்பு தரட்டும். கை நடுங்கச் செய்தாலும் கீழ்ப்படிதல் கீழ்ப்படிதல்தான்.

உங்கள் கையில் இப்போது இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. ஒன்று, மேடையில் ஒரு மனிதர் சொன்னது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாமல் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று பவுலே தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறார். மற்றது, மத்தேயு 5:23, 24. பலிபீடத்தினிடத்தில் காணிக்கை செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. இதைச் சோதிக்க அடையாளம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். வசனத்தைக் கவனியுங்கள்: உனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்றில்லை, அவனுக்கு உன்பேரில் குறை இருந்தால் என்றிருக்கிறது. உங்கள் அக்காவின் நிலை அதுதான்.

எவ்வளவு கொடுப்பது? லேவியராகமம் 6-ம் அதிகாரத்தில் அளவு இருக்கிறது. பிறனுடையதை வைத்துக்கொண்டவன் முதலைத் திருப்பிக் கொடுப்பதோடு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலியைச் செலுத்தும் அதே நாளில் உரியவன் கையில் அது போய்ச் சேர வேண்டும். ஆட்டுக்கடாவைக் கொண்டுவந்துவிட்டு, பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றது அவன் தானாகச் சொன்னது. அதை உங்கள்மேல் நான் சுமத்தவில்லை. நாம் மோசேயின் பலி முறைமைக்குக் கீழ் இல்லை என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் நியாயமான ஈடு எவ்வளவு என்று மனது தடுமாறும்போது, இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இரண்டரைப் பவுன் என்றால் 20 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு 4 கிராம். ஆக 24 கிராம், சரியாக மூன்று பவுன். ரூபாயில் கணக்குப் போடாதீர்கள். "அன்றைக்கு அடகுக் கடையில் கிடைத்தது இவ்வளவுதான்" என்று பழைய தொகையைக் கொண்டுபோய் நீட்டுவதுதான் இப்படிப்பட்ட வீடுகளில் நடக்கிற முதல் தப்பு. அக்கா கொடுத்தது தங்கம். இந்த நான்கு வருடத்தில் தங்கம் ஏறிய ஏற்றத்தை அவர் தலையில் கட்டினால், அது இரண்டாவது தடவை எடுத்துக்கொள்வது போலாகும்.

மொத்தமாகக் கொடுக்க முடியாது, தெரிகிறது. மாதம் அரை கிராம் விலையைச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கிராம் நாணயம் வாங்கி அக்கா கையில் கொடுங்கள். வருடத்துக்கு 6 கிராம். தீபாவளி போனஸில் 2 கிராம். ஆக வருடத்துக்கு ஒரு பவுன், மூன்று வருடத்தில் முடிகிறது. விலை ஏறி அரை கிராம் முடியாத மாதம் வந்தால், முடிந்ததை எடுத்து வைத்து அக்காவிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தவறுகிற முதல் தவணையில்தான் பழைய கசப்பு திரும்ப முளைக்கும். உங்கள் பெயரில் நகைச்சீட்டு போட்டு, முடிந்ததும் தருகிறேன் என்று சொல்ல வேண்டாம். அவசரம் வந்தால் அந்தச் சீட்டைத்தான் முதலில் உடைப்பீர்கள்.

இனி போனஸ். அதைப் பொருத்தனை பண்ணிவிட்டீர்களே என்று தயங்குவீர்கள். மாற்கு 7-ல் கொர்பான் என்ற சொல்லை இயேசு எடுத்துப் பேசுகிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் சேர வேண்டியதை, "இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறவர்களைப் பார்த்துச் சொன்னது அது. பொருத்தனை லேசான விஷயமில்லைதான். பண்ணினால் செலுத்த வேண்டும் என்று பிரசங்கி 5-ம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் பிறருக்குச் சேர வேண்டிய பணத்தை வைத்து நேர்ந்துகொள்ள நமக்கு உரிமை ஏது? உங்கள் பாஸ்டரிடம் இதை உள்ளபடி சொல்லுங்கள். அவசரத்தில் சொன்னதைக் கர்த்தருக்கு முன்பாக ஒத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்ந்த பிறகு உங்கள் சொந்தப் பணத்திலிருந்து அந்தப் பொருத்தனையை எப்படி நிறைவேற்றுவது என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எலிசா காலத்து விதவையின் எண்ணெய் பெருகியபோதும் வரிசை இதுதான்: முதலில் எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்க்கிறாள், மீந்ததை வைத்துப் பிள்ளைகளோடு பிழைக்கிறாள். அற்புதம் நடந்த வீட்டிலும் கடன்காரனுக்குத்தான் முதல் பங்கு.

அக்கா வீட்டுக்குப் போகிற விதத்தில் பலர் சறுக்கிவிடுகிறார்கள். மனைவியிடம் முதலில் பேசுங்கள். மூன்று வருடச் செலவு அவருடைய சமையலறையிலும் இறங்கப்போகிறது. போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ் என்று நாலு பேர் கூடும் நாளில் போக வேண்டாம். முதல் ஒரு கிராமைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்கும் மன்னிப்பு நான்கு வருடம் காத்திருந்தவர் காதில் ஏறாது. மச்சானும் வீட்டில் இருக்கட்டும், ஏனென்றால் அந்தச் சங்கிலிக்காக அக்கா அந்த வீட்டில் என்னென்ன பேச்சு வாங்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "அக்கா, உங்கள் சங்கிலியை நான் மூழ்க விட்டேன். தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தரவில்லை. தப்பு என்னுடையது. 24 கிராம் திருப்பித் தருகிறேன், இது முதல் கிராம்." அவ்வளவுதான். "அப்போது சிமெண்ட் விலை ஏறிவிட்டது", "நீங்களும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று வால் ஒட்டினால் முன்னால் சொன்னது அத்தனையும் வீண். "கர்த்தர் என்னை அனுப்பினார்" என்றும் சொல்ல வேண்டாம். அதைச் சொன்னால், மன்னிக்காவிட்டால் தான் பாவி என்ற இக்கட்டில் அவர் மாட்டிக்கொள்வார். அன்றைக்கே மன்னிக்கச் சொல்லியும் கேட்காதீர்கள். தேதி, கிராம், இருவர் கையெழுத்து என்று ஒரு நோட்டில் எழுதி, நோட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொல்ல ஆசை வரும். வேண்டாம். பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் நடுவில் சொந்தக்காரர்கள் இல்லாத சபை எது? உங்கள் சாட்சி அங்கே அக்காவுக்கு அவமானமாகப் போய்ச் சேரும்.

அவர் கதவைச் சாத்திவிட்டால்? கிராம் கிராமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாங்க மறுத்தால் அவர் பெயர் எழுதிய உறையில் போட்டு, மனைவியிடம் கொடுத்து வையுங்கள். மூன்று வருடம் நீண்ட காலம், மனிதர் மனது அதற்குள் எத்தனையோ தடவை திரும்பும்.

சரி, வேலையை விடும் விஷயத்துக்கு வருகிறேன்.

படகை விட்டு இறங்கிய பேதுருவை உங்களுக்கு உதாரணம் காட்டியிருக்கிறார்கள். மத்தேயு 14-ஐத் திறந்து பாருங்கள். பேதுரு முதலில், "நீரேயானால் நான் வரக் கட்டளையிடும்" என்று கேட்கிறான். இயேசு "வா" என்கிறார். அதற்குப் பிறகுதான் கால் தண்ணீரில் படுகிறது. தலையில் கைவைத்து "இறங்கு" என்று சொன்ன மூன்றாம் ஆள் அந்தப் படகில் இல்லை. படகிலேயே இருந்த மற்றவர்களை இயேசு கடிந்துகொண்டதாகவும் எழுதியில்லை. வார்த்தை வராமல் குதிப்பதற்கும் வேதத்தில் உதாரணம் உண்டு, மத்தேயு 4-ல். தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து தாழக் குதி என்று இயேசுவிடம் சொன்ன பிசாசு 91-ம் சங்கீதத்தை வசனமாகவே எடுத்துக் காட்டினான். எண்ணாகமம் 14-ன் கடைசிப் பகுதியையும் படியுங்கள். போ என்றபோது போகாத ஜனங்கள், மறுநாள், போகாதே என்ற பிறகு துணிந்து மலையில் ஏறினார்கள். ஓர்மா வரைக்கும் முறிய அடிக்கப்பட்டார்கள். அவர்களிடம் துணிச்சலுக்குக் குறைவே இல்லை.

தாமதித்தால் அழைப்பு வேறொருவனுக்குப் போய்விடும் என்பதைக் கேட்டுத்தான் உங்கள் தூக்கம் போயிருக்கும். எதிர்த்திசையில் கப்பலேறிப் போன யோனாவுக்கே கர்த்தருடைய வார்த்தை இரண்டாந்தரம் வந்தது. பாஸ்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்கிற ஒருவரை அவர் கைவிட்டுவிடுவாரா? கெடு வைத்துப் பேசிய அதே கூட்டத்தில்தான் போனஸுக்கான பொருத்தனையும் நடந்தது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஊழியரின் உள்நோக்கம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கெடுவும் காணிக்கையும் ஒரே மேடையில் சேர்ந்து வந்தால், எதையும் முடிவு செய்யாமல் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

அடையாளம் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டது, என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்க அல்ல. கட்டளை ஏற்கெனவே வந்துவிட்டது. நீர் சொன்னபடி செய்வீரோ என்று அவன் உறுதிதான் கேட்டான். அதுவும் பலிபீடத்தைத் தகர்த்த பிறகு. நீங்கள் கேட்டது, சூப்பர்வைசர் லீவு மறுத்தால் என்று. ஆர்டர் நெருக்குகிற மாதத்தில் சிப்காட்டில் லீவு கேட்டவர் அத்தனை பேருக்கும் அந்த அடையாளம் கிடைத்திருக்கும்.

கணக்குப் பார்ப்பது அவிசுவாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். லூக்கா 14-ல் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கிறான். இந்த வசனத்தை வைத்துக்கொண்டு எதையும் தொடங்காமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அது வேறு வியாதி. கணக்கு எழுதுவது, கட்டுவதற்காக. நெகேமியா எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிற செய்தியைக் கேட்டது கிஸ்லே மாதம், ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் ஜெபமும். வாய் திறந்தபோது எல்லாம் தயாராக இருந்தது: எத்தனை நாள் லீவு, எந்த அதிபதிகளுக்குக் கடிதம், எதெதற்கு மரம். அதனால்தான் அந்த மதில் 52 நாளில் கட்டி முடிந்தது.

ஆகவே உங்கள் கணக்கையும் போடுவோம். கம்பெனியில் 4 வருடம் 3 மாதம் ஆகிவிட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு பொதுவாக 5 வருடம் தொடர்ந்து முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்கினால் ஏறக்குறைய வருகிற தொகை அது. இன்னும் 9 மாதம் பொறுத்தால் கிடைப்பதை, யாரோ வைத்த 21 நாளுக்காக விட்டுவிட்டு வருவது ஆவிக்குரிய செயலா, எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. அல்லது கம்பெனி மருத்துவக் காப்பீடும் உடனேயோ சில மாதத்திலோ நின்றுபோகும். பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற இரவில் அது தெரியும். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் விடாதீர்கள். பி.எஃப். பணத்தை அந்த ஆறு மாதக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம்.

மனைவியின் அழுகையை அவிசுவாசம் என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-ல் இந்தியாவுக்குக் கிளம்பியபோது மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். கடைசி நேரத்தில் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கைக்குழந்தையோடு கப்பலேறினார். அடுத்த வருடமே அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்தான். டாரதியின் மனநிலை கெட்டது, 1807-ல் இறக்கும்வரை தெளியவே இல்லை. கேரியின் வேலையை இந்தியத் திருச்சபை நன்றியோடு நினைக்கிறது. டாரதி கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். இன்னொன்று: கேரி 1794 முதல் ஐந்து வருடம் வங்காளத்து முட்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்துச் சம்பளம் வாங்கியபடிதான் வேத மொழிபெயர்ப்பைச் செய்தார். பவுலும் கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு கூடாரம் தைத்தார். கம்பெனி அடையாள அட்டை ஊழியத்துக்கு எதிரி அல்ல.

மனைவியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எதை நினைத்து அதிகம் பயப்படுகிறாய்? எது கையில் இருந்தால் பயம் குறையும்? எத்தனை மாதம் பொறுத்து மறுபடி பேசலாம்? பதிலை எழுதி வையுங்கள், நடுவில் வசனம் சொல்லாதீர்கள். துரோவாவில் மக்கெதோனியா தரிசனம் கண்டது பவுல் ஒருவர். புறப்படலாம் என்று நிச்சயித்தது "நாங்கள்" என்றுதான் அப்போஸ்தலர் 16:10 சொல்கிறது.

இந்த வாரமே பாஸ்டரிடம் போங்கள். அந்தியோகியாவில் ஆவியானவர் பேசியபோதும் சபை உபவாசித்து, கைகளை வைத்து, பர்னபாவையும் சவுலையும் அனுப்பியது. சபைக்குத் தெரியாமல் புறப்பட்டவன் மலையில் சுகவீனமாய்ப் படுத்தால் கேட்க ஆள் இருக்காது.

அஞ்செட்டி பாரம் உண்மையானதாகவே இருக்கலாம். அதைச் சோதிக்க 12 மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு வாராந்திர விடுமுறை நாள்களை அங்கே கழியுங்கள். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒரு சபையின் பாஸ்டருக்குக் கீழே போங்கள். மைக் கேட்காதீர்கள், பாய் விரிப்பது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைப்பது, சுகமில்லாதவரைத் தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று கேட்டு வாங்குங்கள். புதிதாக வருகிறவர்கள் அங்கே செய்கிற தப்பு, ஆறு மாதத்தில் நாலு குடும்பத்தைப் பிரித்துத் தனி ஜெபக்கூட்டம் வைப்பது. ஆடு திருடுதல் என்று அதற்குப் பெயர். அங்கே பல வீடுகளில் கன்னடம்தான் பேச்சு, தெலுங்கும் உண்டு. ஓசூரில் கன்னடம் தெரிந்த சக தொழிலாளிகள் எத்தனையோ பேர். தினம் பத்து வாக்கியம் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் ஒரு பாட்டியம்மாவிடம் கால் மணி நேரம் நலம் விசாரிக்க முடியவில்லையென்றால், பாரத்தைவிடக் கூட்டத்தின் சூடுதான் அதிகம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பைக்கில் போனால் பொழுது சாய்வதற்குள் காட்டுப் பாதையைக் கடந்துவிடுங்கள், யானை நடமாட்டம் உள்ள இடம்.

வேலூர்ப் பக்கத்து உதாரணம் ஒன்று. அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதால் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவராக முடிவெடுத்தார். அழைப்பு ஒரே இரவில் வந்தது. அதன்பின் அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். நம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போகும் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அதுதான்.

நைட் ஷிப்ட் வாரத்தில் மூன்று நாள் உபவாசம் வேண்டாம். மெஷின் முன்னால் கண் இருட்டினால் போவது விரல். எலியாவுக்கும் கர்த்தர் முதலில் தூக்கமும் சுட்ட அடையும் கொடுத்தார், இரண்டு தடவை. பேசியது அதன் பிறகுதான்.

பத்து மாதம் கழித்து, அக்கா நோட்டில் ஐந்து கையெழுத்து விழுந்த பிறகு, மனைவியின் மூன்று பதில்களையும் பாஸ்டரின் அபிப்பிராயத்தையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். ராஜினாமாக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று அப்போது பேசலாம். 21-வது நாள் வரும்போது உங்களுக்கு என்ன ஷிப்டோ, அந்த ஷிப்டுக்குப் போங்கள்.